நல்லூரின் காலக்கணக்கு

நல்லூர்க் கந்தசுவாமி கோயிலின் ஆண்டுப் பெருந்திருவிழா 25 நாள் நடப்பது. ஆடி அமாவாசையை முதல் நாளாக எண்ணினால் ஆறாம் நாள் காலை 10 மணிக்குக் கொடி ஏறும். ஆவணி அமாவாசையை ஒட்டித் தீர்த்தம் நடந்து, அன்று மாலை கொடி இறங்கும். இடைப்பட்ட ஒவ்வொரு நாளுக்கும் இன்ன உற்சவம், இன்ன வாகனம், இன்ன வேளை என்ற வரிசை உண்டு. எந்தப் பிரமுகருக்காகவும் அங்கே பூசை காத்திருப்பதில்லை என்பது யாழ்ப்பாணத்தார் நெடுங்காலமாகச் சொல்லிவரும் பெருமை. இந்த ஒழுங்கு ஒரே நாளில் ஏற்பட்டதன்று. சந்திரனைப் பார்த்து எண்ணும் கணக்கு, சூரியோதயத்திலிருந்து எண்ணும் கணக்கு, மணிக்கூட்டைப் பார்த்து எண்ணும் கணக்கு என மூன்றும் இக்கோயிலுக்குள் வந்தன. பின்னதற்காக முன்னதை அது கைவிடவில்லை.

யாழ்ப்பாண அரசின் தலைநகராக நல்லூர் இருந்த காலத்தில் கோயில் இன்றைய இடத்தில் இல்லை. முத்திரைச் சந்தைப் பகுதியில், இப்போது கிறிஸ்தவ தேவாலயம் நிற்கும் நிலத்தில் அது இருந்தது. கட்டியவர் புவனேகபாகு என்று மரபு சொல்கிறது. கோயில் கட்டியத்திலும் சிறீ சங்கபோதி புவனேகபாகு என்ற பெயர் இன்றுவரை ஒலிக்கிறது. 15 ஆம் நூற்றாண்டின் நடுவில் கோட்டை அரசனுக்காக யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றிய செண்பகப் பெருமாளே பின்னாளில் ஆறாம் புவனேகபாகு என்ற பெயரில் கோட்டையை ஆண்டவன். கட்டியத்தில் வாழ்த்தப்படுபவன் அவன்தான் என்று கருதுவோர் பலர். கோயிலைத் தோற்றுவித்தது அதற்கும் முற்பட்ட வேறொரு புவனேகபாகு என்போரும் உளர். அரசு மறைந்து நான்கு நூற்றாண்டுகள் ஆன பின்னும் சுவாமி புறப்படும் வேளையில் ஓர் அரசன் பெயர் கூறப்படுவது, இக்கோயில் வழக்கங்கள் எவ்வளவு பிடிவாதமானவை என்பதற்குப் போதுமான சான்று.

யாழ்ப்பாண அரசர்கள் காலக்கணக்கைச் சாத்திரமாகவே வளர்த்தவர்கள். செகராசசேகரன் என்ற பட்டம் பூண்ட அரசன் காலத்தில் சோமசன்மா இயற்றிய செகராசசேகர மாலை, நல்ல வேளை பார்ப்பது பற்றிய சோதிட நூல். தெற்கே தம்பதெனியாவில், 1310 இல், போசராச பண்டிதர் அரங்கேற்றிய சரசோதி மாலையும் இதே பொருளைப் பேசுவது. எந்தச் செயலை எந்தத் திதியில், எந்த நட்சத்திரத்தில், எந்த ஓரையில் தொடங்குவது என்பதை வகுத்துச் சொல்வதே இவ்வகை நூல்களின் வேலை. ஈழத்தில் எழுந்து இன்று கிடைக்கும் மிகப் பழைய தமிழ் நூல்களின் வரிசையில் முன்நிற்பவை காலம் குறிக்கும் நூல்கள் என்பது கவனிக்கத்தக்கது.

பழைய அளவு நாழிகை. ஒரு நாளுக்கு 60 நாழிகை. ஒரு நாழிகை இன்றைய கணக்கில் 24 நிமிடம். அடியில் சிறு துளையிட்ட வட்டிலை நீரில் மிதக்கவிட்டு, அது நிறைந்து அமிழும் நேரத்தைக் கொண்டு நாழிகை அறிந்தார்கள். எண்ணிக்கை நள்ளிரவில் தொடங்காது. சூரியன் உதிக்கும் கணத்தில் தொடங்கும். ஆகவே நாழிகைக் கணக்கு அந்தந்த ஊருக்கே உரியது. நல்லூரின் உதயம் வேறு, மதுரையின் உதயம் வேறு. பிற்காலத்தில் மணிக்கூட்டு நேரத்தை அரசாங்கம் முன்னும் பின்னும் தள்ளியபோது பஞ்சாங்கக் கணக்கு அசையாமல் நின்றதற்கு இதுவே காரணம்.

1619 இல் போர்த்துக்கேயர் யாழ்ப்பாண அரசை முற்றாக வீழ்த்தினர். 1621 இல் தளபதி பிலிப் த ஒலிவேரா நல்லூர்க் கோயிலை இடித்துத் தள்ளினான். கட்டடம் போனது, ஆனால் திருவிழாவின் காலக்கணக்கு கல்லில் இல்லை. அது ஏட்டிலும் குருக்கள்மாரின் நினைவிலும் இருந்தது. வானத்தில் அமாவாசை தவறாமல் வந்துகொண்டிருந்தது. 1658 இல் ஒல்லாந்தர் வந்த பிறகும் நெடுநாள் சைவ வழிபாட்டுக்குத் தடை நீடித்தது. அந்தப் பிடி தளர்ந்த காலத்தில், 1734 அளவில், ஒல்லாந்தர் கச்சேரியில் சிறாப்பராக, அதாவது காசாளராகக், கடமையாற்றிய தொன் யுவான் இரகுநாத மாப்பாண முதலியார், கிருஷ்ணையர் என்ற அந்தணரோடு சேர்ந்து குருக்கள் வளவு என்ற இன்றைய இடத்தில் கோயிலை மீண்டும் எழுப்பினார். செங்கல்லும் கல்லும் கொண்ட சிறு கட்டடம்; மேலே கிடுகுக் கூரை. கோபுரமும் இல்லை, சுற்றுமதிலும் இல்லை. மூலத்தானத்தில் வேல். அன்று தொடங்கிய மாப்பாண முதலியார் பரம்பரையின் நிர்வாகம் இன்றுவரை அறாமல் தொடர்கிறது. ஒரே குடும்பத்தின் கையில் பொறுப்பு இருந்ததே நேர ஒழுங்கு சிதையாமல் காக்கப்பட்டதற்குப் பெரிய காரணம். 

திருவிழாக் கணக்கின் அடிப்படை சந்திரன். ஓர் அமாவாசையிலிருந்து அடுத்த அமாவாசைவரை சராசரி இருபத்தொன்பதரை நாள். தீர்த்தம் ஆவணி அமாவாசையை ஒட்டி நிகழ வேண்டும்; திருவிழா 25 நாள் நீள வேண்டும். இவ்விரண்டையும் வைத்துப் பின்னோக்கி எண்ணினால் ஆடி அமாவாசையை அடுத்த பஞ்சமியை ஒட்டிக் கொடி ஏற வேண்டியிருக்கும். அதாவது நல்லூர்த் திருவிழா தொடக்கத்தை வைத்து முடிவைக் காண்பதில்லை; முடிவை நாட்டிவிட்டுத் தொடக்கத்தைக் காண்கிறது. ஆகம வழியில் தீர்த்தத் திதியோ தீர்த்த நட்சத்திரமோதான் முதலில் நிச்சயிக்கப்படும். கொடியேற்ற நாள் அதிலிருந்து பெறப்படும்.

ஆங்கிலத் திகதியில் பார்ப்பவருக்கு இது நிலையற்றதாகத் தோன்றும். 2022 இல் கொடியேற்றம் ஓகஸ்ட் 2. அடுத்த ஆண்டு அது ஓகஸ்ட் 21 க்குத் தள்ளிப்போனது. 2024 இல் ஓகஸ்ட் 9 க்கும், 2025 இல் ஜூலை 29 க்கும் முன்னே வந்தது. பன்னிரண்டு சந்திர மாதங்கள் சேர்ந்தால் 354 நாள்தான்; சூரிய ஆண்டுக்கு ஏறத்தாழ 11 நாள் குறைவு. அதனால் திருவிழா ஆண்டுதோறும் பதினொரு பன்னிரண்டு நாள் முந்திவரும். இரண்டு மூன்று ஆண்டுகளில் குறை சேர்ந்து ஒரு மாதமாகும்போது, ஒரே சூரிய மாதத்தில் இரண்டு அமாவாசை விழும். 2023 ஆடி மாதத்தில் முதல் நாளும் மாத முடிவிலும் அமாவாசை வந்தது. பிந்திய அமாவாசையைக் கொண்டு கொடியேற்றம் கணிக்கப்பட்டது. அந்த ஆண்டின் பாய்ச்சலுக்கு அதுவே காரணம்.

யாழ்ப்பாணக் குடாநாட்டின் பெருங்கோயில்கள் இந்தக் கணக்கால் ஒரே வரிசையில் கோக்கப்பட்டிருக்கின்றன. மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயிலின் 25 நாள் விழா ஆடி அமாவாசையன்று கீரிமலைத் தீர்த்தத்தோடு முடியும். ஒருசில நாள் இடைவெளியில் நல்லூரில் கொடி ஏறும். நல்லூர்த் தீர்த்தம் முடியும் ஆவணி அமாவாசையை ஒட்டித் தொண்டைமானாறு செல்வச்சந்நிதியில் கொடி ஏறி, பூரணையில் தீர்த்தம் நடக்கும். ஒன்றன் முடிவு மற்றொன்றின் தொடக்கத்துக்கு வழிவிடுகிறது. மேளகாரரும், பூமாலை கட்டுவோரும், கச்சான் கடைக்காரரும், காவடி எடுக்கும் அடியாரும் ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்துக்குப் போக முடிவது இதனால்தான்.

அமாவாசை எந்த நாழிகையில் தொடங்கி எப்போது முடிகிறது என்று சொல்வது பஞ்சாங்கக்காரரின் வேலை. சூரியனைவிட்டுச் சந்திரன் 12 பாகை விலகும் காலம் ஒரு திதி. சந்திரனின் வேகம் ஒரே சீராக இல்லாததால் ஒரு திதி 19 மணி நேரமாகச் சுருங்கவும் 26 மணி நேரமாக நீளவும் கூடும். தென்னாட்டுக் கணிதர் இதை வாக்கிய முறையில் கையாண்டனர். சந்திரனின் நிலையை நாளுக்கு ஒன்றாக 248 சொற்றொடர்களில் எழுத்தெண்ணாகப் பொதிந்து வைத்து, மனப்பாடம் செய்துகொள்வது அம்முறை. சென்னை அரசாங்கத்தில் பணியாற்றிய ஜான் வாரன் 1825 இல் வெளியிட்ட கால சங்கலித என்ற நூல், புதுச்சேரியில் ஒரு தமிழ்க் கணிதர் சோழிகளைத் தரையில் பரப்பி, எழுதிய வாய்பாடு ஒன்றும் இன்றிக் கிரகணம் கணித்ததைப் பதிவு செய்திருக்கிறது.

யாழ்ப்பாணத்தில் அப்படிப்பட்டவர்களுள் புகழ்பெற்றவர் அராலி விசுவநாத சாஸ்திரியார். அவர் பஞ்சாங்கத்துக்கு ஆங்கில அரசின் மதிப்பும் கிடைத்திருந்தது. 1823 இல் வட்டுக்கோட்டையில் அமெரிக்க மிஷன் செமினரி தொடங்கியபின் மேலைநாட்டு வானியல் குடாநாட்டுக்கு வந்தது. 1829 மார்ச்சில் நிகழவிருந்த சந்திர கிரகணம் பற்றிச் சாஸ்திரியாரின் கணிப்பும் மிஷன் ஆசிரியர் டானியல் பூவரின் கணிப்பும் வேறுபட்டன. கிரகணம் மிஷன் கணக்கின்படியே நடந்தது. மிஷனரிமார் இதைச் சைவத்துக்கு எதிரான வாதமாக்கினர். உண்மையில் தோற்றது சமயமன்று. பல நூற்றாண்டுகளாகத் திருத்தப்படாத வாய்பாடு. செமினரியின் ஹொய்சிங்டன் 1848 இல் வெளியிட்ட சோதி சாத்திரம், தமிழ்ச் சோதிடத்தையும் புதிய வானியலையும் அருகருகே வைத்துக் காட்டியது. கண்ணால் காணும் நிலையோடு ஒத்துவரக் கணிக்கும் திருக்கணிதமும் பின்னாளில் குடாநாட்டில் வேரூன்றியது. இன்று கொக்குவில் இரகுநாதையர் வாக்கிய பஞ்சாங்கமும் மட்டுவில் திருக்கணித பஞ்சாங்கமும் இரண்டு மரபாக நிற்கின்றன. சித்திரைப் புத்தாண்டு பிறக்கும் நேரம் இரண்டிலும் வேறாக அச்சாகும். யாழ்ப்பாண வீடுகளில் அவரவர் கைக்கொள்ளும் பஞ்சாங்கத்தின்படியே மருத்துநீர் வைப்பர்.

நாள் நிச்சயமான பின் வருவது அழைப்பு. கோயிலிலிருந்து திருவிழாப் பத்திரிகையும் காளாஞ்சியும் யாழ்ப்பாண மாநகர சபைக்கு முறைப்படி எடுத்துச் செல்லப்படும். அதைப் பெற்றுக்கொண்ட பின் வீதி அடைப்பு, தண்ணீர், துப்புரவு, விளக்கு, கடை இடம் ஆகியவை சபையின் பொறுப்பு. கொடிச்சீலை கொடுப்பது செங்குந்தர் மரபினரின் உரிமை. அவர்களுக்கும் காளாஞ்சி போகும். கொடியேற்றத்துக்கு முதல் நாள் சட்டநாதர் கோயிலை அண்டிய அவர்களுடைய இடத்திலிருந்து கொடிச்சீலை சிறு தேரில் ஊர்வலமாக நல்லூருக்கு வரும். காளாஞ்சி என்பது வெற்றிலை பாக்கு வைத்த மரியாதை மட்டுமன்று. குறித்த வேளையில் குறித்த கடமையோடு வந்து நிற்க வேண்டும் என்ற கட்டளையும் அதற்குள் இருக்கிறது. அதைப் பெறும் உரிமை தலைமுறை தலைமுறையாக இறங்கிவருவது.

சைவ ஆகமங்களும், முருகன் கோயில்களுக்குரிய குமார தந்திரமும், அவற்றை நடைமுறைக்கு வகுத்துத் தந்த பத்ததிகளும் பெருந்திருவிழாவின் தொடக்கத்தையும் முடிவையும் மிக நுணுக்கமாக அமைத்திருக்கின்றன. முதலில் இறைவனிடம் அனுமதி பெறும் அனுஞ்ஞை. பின்பு விநாயகர் வழிபாடு, கிராம சாந்தி, வாஸ்து சாந்தி, மண்ணெடுத்தல், அம்மண்ணில் நவதானியம் விதைத்து முளையிடல். அடுத்து, திருவிழா நடத்தும் குருவின் கையில் காப்புக் கட்டப்படும். காப்புக் கட்டியவர் அதை அவிழ்க்கும்வரை அந்தக் கடமைக்கே உரியவர். வேறு கருமம் தொடக்கூடாது, ஊர் எல்லை தாண்டக்கூடாது. இதன் பிறகே கொடி. கொடி ஏறியதும் பேரிகை முழக்கித் தேவர்களை அழைப்பார்கள். எட்டுத் திசைக் காவலருக்கும் நடுவில் பிரமனுக்குமாக ஒன்பது சந்தி. ஒவ்வொரு சந்திக்கும் தனித்தனிப் பண்ணும் தாளமும் விதிக்கப்பட்டிருக்கின்றன. முடிவில் இவை ஒவ்வொன்றாகத் திருப்பி எடுக்கப்படும். தீர்த்தம், கொடியிறக்கம், அழைத்த தேவர்களை வழியனுப்பல், காப்பு அவிழ்த்தல், குருவுக்கு மரியாதை என அது போகும். திறந்தது எதுவும் மூடப்படாமல் விடப்படுவதில்லை. நல்லூரில் தீர்த்தத்துக்கு மறுநாள் பூங்காவனத் திருக்கல்யாணமும் அதன் மறுநாள் வைரவர் உற்சவமும் நடந்து கோயில் அன்றாட நிலைக்குத் திரும்பும்.

கோயில் கருமங்களில் சில வேளை வந்தால் நடப்பவை; சில, திருவிழாவின் தொடக்கத்தோடும் முடிவோடும் கட்டுண்டவை. இந்த இருவகைப் பிரிவை இன்று தெளிவாகக் காட்டக்கூடிய ஒப்புமை கணினித் துறையில் கிடைக்கிறது. இணையத்தளங்களை இயக்கும் சர்வர்களில் சில வேலைகள் நேரம் வந்தால் நடக்கும். சில, நிலை மாறினால் நடக்கும். முதல் வகைக்கு முன்மாதிரி, பெல் ஆய்வுகூடத்தின் யூனிக்ஸ் ஏழாம் பதிப்பில் 1979 இல் வந்த கிரான் என்ற நிரல். நிமிடத்துக்கு ஒருமுறை விழித்து, நிமிடம், மணி, திகதி, மாதம், கிழமை என்ற ஐந்தும் பொருந்துகின்றனவா என்று பார்த்து வேலையைத் தொடக்கிவிடும். இரண்டாம் வகையில், சர்வர் எழும்போது இதைச் செய், அணையும்போது இதைச் செய் என்று நிரல்கள் முன்கூட்டியே தம்மைப் பதிந்துவைத்திருக்கும். எழுகையில் தரவுத்தளத் தொடர்பு திறக்கப்படும். அணைகையில் கையிலுள்ள கோரிக்கைகளை முடித்துத் தொடர்பு மூடப்படும். மூடாமல் விட்டால் அடுத்த எழுச்சியில் கோளாறு வரும். அன்றாடப் பூசை முதல் வகை. காப்பும் கொடியும் இரண்டாம் வகை. கிரானின் ஐந்து கட்டங்களில் திதிக்கு இடமில்லை என்பதால் நல்லூர்க் கொடியேற்றத்தை அதில் ஒரே வரியில் எழுத முடியாது. மின்சாரம் நின்று சர்வர் அணைந்திருந்த வேளையில் தவறிய வேலையைக் கிரான் மறந்துவிடும். ஆகமமோ தவறிய பூசைக்கும் வழி சொல்கிறது: எத்தனை வேளை, எத்தனை நாள் தவறியது என்பதற்கேற்பப் பிராயச்சித்தம் கூடிக்கொண்டே போகும்.

நல்லூர் முற்றிலும் ஆகமத்தின் வழியில் நின்ற கோயிலன்று. நல்லூரிலேயே 1822 இல் பிறந்த ஆறுமுக நாவலர் இதைக் கடுமையாகக் கண்டித்தார். மூலத்தானத்தில் விதிப்படி அமைந்த திருவுருவம் இல்லாமல் வேல் இருப்பது, தேவதாசிகளின் ஆட்டம் முதலானவற்றை எதிர்த்து நல்லூர்க் கந்தசுவாமி கோயில் என்ற தலைப்பிலேயே துண்டு வெளியீடுகள் எழுதினார். கோயிலைக் கருங்கல்லால் ஆகமப்படி கட்டவும் முயன்றார். 1879 இல் அவர் மறைந்தபோது அந்த முயற்சி நிறைவேறியிருக்கவில்லை. நாவலர் சொன்னவற்றில் சில பின்னாளில் நடந்தன. வேல் மட்டும் இடம் மாறவில்லை. ஆகமத்தின் ஒழுங்கும் ஊர் வழக்கின் உரிமையும் ஒன்றையொன்று விழுங்காமல் இருப்பதே நல்லூரின் தனித்தன்மை என்று கொள்ளலாம். அந்த இழுபறி இல்லாதிருந்தால் கட்டியமும் கொடிச்சீலை உரிமையும் இன்று எஞ்சியிருக்குமா என்பது ஐயமே.

மணிக்கூட்டுக் காலம் 19 ஆம் நூற்றாண்டின் இறுதியில் வந்தது. வேல்ஸ் இளவரசர் 1875 இல் இலங்கைக்கு வந்ததன் நினைவாக யாழ்ப்பாண நகரில் மணிக்கூட்டுக் கோபுரம் எழுந்தது. வடிவமைத்தவர் அரசாங்கக் கட்டடக் கலைஞர் ஸ்மிதர். 1890 அளவில் பொறுப்பேற்ற ஆறுமுக மாப்பாண முதலியார் காலத்தில், 1899 இல், நல்லூரின் முதல் மணிக்கோபுரம் கட்டப்பட்டது. 1902 இல் மூலத்தானம் கருங்கல் திருப்பணி கண்டது. 1909 இல் முதல் சுற்றுமதில் எழுந்தது. அதே 1902 இல் காங்கேசன்துறைக்கும் சாவகச்சேரிக்கும் இடையே புகையிரதம் ஓடத் தொடங்கியது. 1905 இல் பாதை கொழும்போடு இணைந்தது. அடுத்த ஆண்டே இலங்கையின் நேரம் புதிதாக வகுக்கப்பட்டது. அது கிரீனிச்சுக்கு ஐந்தரை மணி முந்தியது. கிழக்கு நெடுங்கோடு 80 பாகையில் இருக்கும் நல்லூரின் சொந்தச் சூரிய நேரத்தைவிட அது ஏறத்தாழ 10 நிமிடம் முன்னே இருந்தது. ஊருக்கு ஊர் உதயம் பார்த்து வாழ்ந்த குடாநாடு இப்படிக் கொழும்பு மணியோடு சேர்ந்து எண்ணப் பழகியது.

கோயில் இந்த மாற்றத்தை ஏற்றுக்கொண்ட விதம் கருத்தில் கொள்ளத்தக்கது. நாளைச் சந்திரனிடமே விட்டுவிட்டு, அந்த நாளுக்குள் வரும் வேளையை மட்டும் மணிக்கூட்டிடம் கொடுத்தது. கொடியேற்றம் எந்த நாளில் என்பதைப் பஞ்சாங்கம் சொல்லும். அந்த நாளில் எப்போது என்றால், ஆண்டுதோறும் காலை 10 மணி. முகூர்த்தத்துக்கு முகூர்த்தம் நேரம் மாறும் கோயில்களில் அடியார்கள் பத்திரிகையைப் பார்த்துத்தான் புறப்பட வேண்டும். நல்லூருக்குப் போகிறவர் நாளை மட்டும் கேட்டால் போதும். அன்றாடப் பூசைகளும் இப்படியே மணியில் நிலைபெற்றன. காண்டாமணி கேட்கும் தூரத்தில் உள்ள வீடுகளில் அடுப்பு மூட்டுவதும் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்புவதும் அந்த ஓசையை ஒட்டியே நடந்துவந்தன.

மணிக்கூட்டை அரசாங்கம் பலமுறை திருத்தியது. இரண்டாம் உலகப் போரின்போது 1942 இல் இருமுறை முன்னே தள்ளப்பட்டு, 1945 இல் பழைய நிலைக்கு வந்தது. 1996 மே மாதம் மின்சாரச் சிக்கனத்துக்காக ஒரு மணி நேரம் முன்னே போனது. ஒக்டோபரில் அரை மணி குறைக்கப்பட்டது. 2006 ஏப்ரலில் மீண்டும் ஐந்தரை மணிக் கணக்குக்குத் திரும்பியது. விடுதலைப் புலிகளின் கட்டுப்பாட்டிலிருந்த வன்னியில் இந்த மாற்றங்கள் ஏற்கப்படவில்லை. ஒரே தீவில் இரண்டு நேரம் ஓடியது. எந்த நிகழ்வுக்கும் பழைய நேரமா புதிய நேரமா என்று கேட்டுக்கொள்வது அந்தப் பத்தாண்டின் வழக்கம். உதயத்திலிருந்து எண்ணும் நாழிகையில் இந்தக் குழப்பத்துக்கு இடமே இருக்கவில்லை.

25 நாளின் வரிசையில் பத்தாம் நாள் மாலை மஞ்சம். பின்பு கார்த்திகை நட்சத்திரத்தில் கார்த்திகை உற்சவம். இறுதி நாட்கள் நெருங்க நெருங்கச் சந்தான கோபாலர், கைலாச வாகனம், கஜவல்லி மகாவல்லி, வேல்விமானம், தண்டாயுதபாணி, ஒருமுகம் எனக் காலையும் மாலையும் உற்சவம் அடுக்காக வரும். இருபத்துமூன்றாம் நாள் மாலை சப்பரம். இருபத்துநான்காம் நாள் தேர். அன்று ஆறுமுகசுவாமி அதிகாலை வசந்த மண்டபப் பூசையின்பின் தேரேறுவார். தேர் இருப்பிடம் சேர்ந்தபின் பச்சை சாத்தி உள்ளே எழுந்தருளுவார். நான்கு வீதியும் நிரம்பி நிற்கும் கூட்டத்தில் பின்னால் நிற்பவர்களுக்குச் சுவாமி தெரிவதில்லை; மேளம் சொல்லிவிடும். புறப்பாட்டுக்கு மல்லாரி, தேருக்குத் தேர் மல்லாரி, தீர்த்தத்துக்குத் தீர்த்த மல்லாரி என்று நாதசுரக்காரர் வாசிப்பது இசைக்காக மட்டுமன்று. இப்போது என்ன நடக்கிறது என்பதை ஊருக்கு அறிவிப்பதும் அதுவே.

கோயிலின் வரிசை ஊரின் வரிசையாகவும் ஆகிறது. கொடியேறிய நாளிலிருந்து யாழ்ப்பாணத்தின் எத்தனையோ வீடுகளில் மச்சம் சமைப்பதில்லை. கோயிலைச் சுற்றிய வீதிகளில் வாகனப் போக்குவரத்து நிறுத்தப்படும், மணல் பரப்பப்படும். விடியுமுன்னே ஆண்கள் அம்மணலில் பிரதட்டை செய்வார்கள், பெண்கள் அடியழிப்பார்கள். வெளிநாடுகளில் குடியேறியவர்கள் விடுமுறைக்கு விண்ணப்பிக்கும்முன் பார்ப்பது நல்லூர்க் கொடியேற்றத் திகதியைத்தான். ஐப்பசியில் கந்தசஷ்டி ஆறு நாள், தைப்பூசத்துக்கு முதல் நாள் மறவன்புலவிலுள்ள கோயில் வயலில் கதிர் அறுத்து நெற்புதிர் எடுப்பது என ஆண்டின் மற்றப் பகுதியும் இப்படியே குறிக்கப்பட்டிருக்கிறது. மாறாதவை வேறும் உண்டு. அர்ச்சனைச் சீட்டின் விலை நெடுங்காலமாக ஒரு ரூபாய்.

1964 முதல் நிர்வாகத்தை ஏற்று நடத்திய குமாரதாஸ மாப்பாண முதலியார் காலத்தில்தான் இந்த ஒழுங்கு மிகக் கடுமையாகச் சோதிக்கப்பட்டது. உள்நாட்டுப் போர்க்காலத்தில், 1987 ஒக்டோபர் சண்டையின்போது, ஆயிரக்கணக்கான மக்கள் கோயிலுக்குள் தஞ்சம் புகுந்தனர். 1995 ஒக்டோபர் இறுதியில் வலிகாமம் முழுவதும் ஒரே இரவில் தென்மராட்சிக்கு இடம்பெயர்ந்தது. போர் முடிந்தபின் அவர் காலத்திலேயே 2011 இல் தெற்கு வாசலிலும் 2015 இல் வடக்கு வாசலிலும் ஒன்பது நிலை இராசகோபுரங்கள் எழுந்தன. கொரோனாத் தொற்றுக் காலத்தில் 2020 ஆம் ஆண்டுத் திருவிழா கட்டுப்பாடுகளோடு ஜூலை 25 இல் தொடங்கியது. 2021 இல் வீதிகளில் மக்கள் கூட முடியாத நிலை. அப்போதும் ஓகஸ்ட் 13 இல் கொடி ஏறி உரிய நாளில் இறங்கியது. அந்த ஆண்டு ஒக்டோபரில் அவர் காலமானார். பொறுப்பு அவர் மகனுக்கு வந்தது. அடுத்த திருவிழாவுக்கு 2022 ஓகஸ்ட் 2 இல், காலை 10 மணிக்குக் கொடி ஏறியது.